சான்றிதழ் எங்ககிட்ட நிறைய இருக்கு

கண்டியில் ஒரு மண்டபம். மேசைக்கு மேசை வெள்ளைத் துணி. நாலு நிற மார்க்கர், சுருட்டி வைத்த சார்ட் பேப்பர், பிளாஸ்டிக் கோப்பு, கோப்புக்குள் ஒரு பேனை. பத்தரைக்கு பணிஸும் தேத்தண்ணியும். பகலுக்கு கோழிக்கறியோடு சோறு. பின்னால் தொங்கிய பதாகையில் "சமூக அபிவிருத்தியும் தலைமைத்துவமும்" என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வளவாளர் நல்ல மனுசர்தான். "உங்கள் கிராமத்தின் வளங்களை வரையுங்கள்" என்றார். நாங்களும் வரைந்தோம். கோயில், ஸ்டோர், பிள்ளைக்காம்பரா, பீலி, ரோடு. வரைந்ததைச் சுவரில் ஒட்டினோம். கைதட்டினாங்க. நாலு மணிக்கு சான்றிதழ், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குரூப் போட்டோ.

கலஹா பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு மழை. லயத்துக் கூரை எந்த இடத்தில் ஒழுகுமோ அதே இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

போன மாசம் எங்கள் குழு கூடியபோது, ஆளுக்கு ஆள் வாங்கிய சான்றிதழ்களை எடுத்துவரச் சொன்னோம். முப்பதுக்கு மேல் சேர்ந்தது. தலைமைத்துவம், முரண்பாட்டு முகாமைத்துவம், பால்நிலைச் சமத்துவம், இளைஞர் வலுவூட்டல், அனர்த்த விழிப்புணர்வு என்று எல்லாம் இருந்தது. பிறகு ஒருத்தர் கேட்டார்: "நமக்குள்ள யாருக்காவது சேர்வேயர் பிளானை வாசிக்கத் தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. ஏழு பேர்ச்சஸ் என்றால் எவ்வளவு என்று காலால் நடந்து காட்டத் தெரியுமா? தெரியாது. 550 சதுர அடி வீட்டுக்கு எத்தனை மூட்டை சீமெந்து போகும், கொந்தராத்துக்காரர் குறைத்துப் போட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது, மலசலகூடக் குழியை ஊற்றுக்கு எந்தப் பக்கம் வெட்டக்கூடாது, வெட்டிய மண்மேட்டுக்கு எப்போது தாங்குசுவர் வேண்டும்? ஒன்றும் தெரியாது.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். மலையகத்தில் வீட்டுப் பிரச்சினை பற்றி எல்லாரும் பேசுறாங்க. எத்தனை வீடு, யார் காசு, யார் அடிக்கல் என்று பேசுறாங்க. வீட்டையும் குடியிருப்பையும் கவனித்து நடத்தத் தெரிந்த ஆட்கள் எங்கள் லயங்களிலிருந்தே வர வேண்டும், அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லை. அந்த ஆட்கள் இல்லாமல் எத்தனை ஆயிரம் வீடு வந்தாலும் அது இன்னொருத்தர் கட்டி இன்னொருத்தர் பெயரில் கணக்கு எழுதும் லயமாகத்தான் இருக்கும் என்பது எங்கள் வாதம்.

லயத்தை யார் வரைந்தது?

கலஹாவுக்குப் பக்கத்தில்தான் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். சுற்றுலாப் பயணிகள் அவர் உட்கார்ந்த கல் ஆசனத்தைப் பார்க்க இன்றும் வருகிறார்கள். அந்த 19 ஏக்கரையும் அதற்கு முன்னிருந்த கோப்பிக் காட்டையும் வெட்டித் திருத்தியவர்கள் எங்கே படுத்தார்கள் என்று பார்க்க யாரும் வருவதில்லை. அதற்கு வழிகாட்டியும் தேவையில்லை, ரோட்டிலிருந்தே தெரியும்.

லயம் என்பது ஒரு வீட்டு வடிவம் இல்லை, வேலைக்கு ஆள் வைக்கும் வடிவம். காலையில் பெரட்டுக்கு ஆட்களைச் சுலபமாகக் கூப்பிடலாம். ஒரு பீலி போதும். ஒரு கூரை போதும். ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. இதை வரைந்தபோது உள்ளே இருக்கப்போகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் பாட்டன் பூட்டன்களை நாடற்றவர்களாக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாதவரிடம் வீடு எப்படி வேண்டும் என்று எந்த அரசியல்வாதி கேட்பார்?

1970களில் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது. ஆனால் கண்டிப் பக்கம் கொஞ்சம் வேறு கதை. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பக்கத்தில் பல தோட்டங்கள் இன்னமும் ஜனவசம என்று நாங்கள் சொல்லும் அரச சபையிடம்தான் இருக்கின்றன. அதாவது எங்களுக்குக் காணிக்காரரும் அரசு, துரையும் அரசு. "கம்பெனி விடவில்லை" என்று சொல்லித் தப்பிக்க இங்கே யாருக்கும் வழியில்லை. இருந்தும் லயம் லயமாகத்தான் இருக்கிறது.

இதற்குள் எத்தனை பெயர் மாறியது! லயத்துக்கு மேல் தகரம் மாற்றினால் "மீள்கூரையிடல்". இரண்டு வீட்டை ஒட்டிக் கட்டினால் "இரட்டை வீடு". தனியாகக் கட்டினால் "தனி வீடு". 2018இல் மலையகத்துக்குப் புதிய கிராமங்கள் அதிகாரசபை ஒன்றை உருவாக்கச் சட்டமே வந்தது. அதே ஆண்டு பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க வழி திறந்தது. நல்ல விடயம்தான், நாங்கள் மறுக்கவில்லை. இதற்காகப் பாடுபட்டவர்களை மதிக்கிறோம். ஆனால் சட்டத்தில் "கிராமம்" என்று எழுதினால் தோட்டம் கிராமமாகிவிடாது. கிராமம் என்றால் குப்பை எங்கே போகும், தண்ணிக்கு யார் பொறுப்பு, கானை யார் துப்பரவாக்குவது, புதுசாகக் கலியாணம் கட்டினவருக்கு அடுத்த காணி எது என்று முடிவெடுக்கிற ஆட்கள் உள்ளே இருக்க வேண்டும். அந்த வேலையை நூற்றைம்பது வருசமாகத் துரை பார்த்தார். துரை விலகினால் யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு பக்கம்கூட இல்லை.

துரை தலைவரான கூட்டுறவு

தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொண்ணூறுகளில் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் பதிவுசெய்தார்கள். அரசு, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து 1992இல் உருவாக்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. இன்று அதற்கு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர். வீட்டுக் கடன் அந்த வழியாக இந்தச் சங்கங்களுக்கு வந்தது. தொழிலாளி உறுப்பினர். கடன் செக்ரோலில் வெட்டப்படும்.

சங்கத்தின் தலைவர் யார்? பெரும்பாலான இடங்களில் தோட்ட முகாமையாளர்தான்.

ஒரு நிமிசம் இதை யோசித்துப் பாருங்க. கூட்டுறவு என்றால் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்து, தங்கள் கணக்கைத் தாங்களே பார்ப்பது. இங்கே எங்களுக்குச் சம்பளம் போடுகிறவர், வேலையை நிறுத்தக்கூடியவர், காம்பராவைக் கொடுக்கவும் எடுக்கவும் கூடியவர், அவரே கூட்டுறவுக்கும் தலைவர். கூட்டத்தில் எழும்பி "ஐயா, இந்தக் கணக்கு சரியில்லையே" என்று யார் கேட்பார்? கேட்டவருக்கு மறுநாள் எந்த மலையில் வேலை போடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு எப்போதும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: "தொழிலாளர்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது, திறமை போதாது." சரி, தெரியாதுதான். அப்படியென்றால் இத்தனை வருசத்தில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு பேரைக் கணக்கு வைக்கப் பழக்கியிருக்க முடியாதா? எங்கள் அக்காமார் ஓஎல், ஏஎல் முடித்துக் கண்டிக் கடைகளில் காசாளராக நின்று நாள் கணக்கைச் சதம் தவறாமல் முடிக்கிறாங்க. ஊர்க் கடைக்காரர் கணக்குக்குத் திறமை போதும், சொந்த வீட்டுக் கணக்குக்கு மட்டும் போதாதா? பழக்காமல் விட்டது மறதியால் இல்லை. பழகினால் கேள்வி வரும்.

நாற்பது வருசத்துக்கு முன் இதே நாட்டில்

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, இங்கே நடக்காது" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. இது இந்த நாட்டில் நடந்தது. உலகம் இங்கே வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போனது.

1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. 1984இல் பிரேமதாசவின் பத்து லட்சம் வீட்டுத் திட்டம். பிரேமதாச பற்றி எங்களுக்கு எந்த மயக்கமும் இல்லை, அவர் ஆட்சியின் இரத்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தத் திட்டத்துக்குள் கொழும்புச் சேரிகளில் நடந்த ஒரு விடயத்தை மறந்துவிடக் கூடாது. அரசு வீடு கட்டிக் கொடுக்கிறது என்ற நிலையிலிருந்து மாறி, மக்கள் கட்டுவதற்கு அரசு துணை நிற்கிறது என்ற நிலைக்கு வந்தார்கள். அதற்கு அதிகாரிகளையும் மக்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பழக்க வேண்டியிருந்தது.

எங்கே பழக்கினார்கள் தெரியுமா? ஹோட்டல் மண்டபத்தில் இல்லை. அந்தந்தத் தோட்டத்திலேயே. (கொழும்பில் சேரிக்கும் "வத்த" என்றுதான் சொல்வார்கள், தோட்டம். பெயரில் நாங்கள் ஒன்றுதான்.) இரண்டு நாள் கூட்டம். ஒரு பக்கம் குடியிருப்பவர்கள், ஒரு பக்கம் அதிகாரசபை, மாநகரசபை ஆட்கள். பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, எதை முதலில் செய்வது, யார் செய்வது, என்றைக்குள் செய்வது என்று எழுதிவிட்டுத்தான் எழும்புவார்கள். பாதையின் அகலம் எவ்வளவு, பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு இடைவெளி என்ற கட்டட விதிகளைக்கூட அந்தந்தக் குடியிருப்பே பேசி முடிவுசெய்தது. சமூக அபிவிருத்திச் சபைகள் உருவாயின. பிறகு கான், கிணறு, பொது மலசலகூடம் போன்ற வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் அந்தச் சபைகளுக்கே கொடுத்தார்கள். சமூக ஒப்பந்தம் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் முறை வேர்விட்ட இடங்களில் கொழும்பும் ஒன்று. ஐ.நாவின் குடியிருப்பு நிறுவனமும் டென்மார்க்கின் உதவியும் சேர்ந்து சமூகப் பங்கேற்புக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை மூன்று நாடுகளில் நடத்தின: பொலிவியா, சாம்பியா, இலங்கை. 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்ததே இலங்கை வைத்த யோசனையிலிருந்துதான்.

இதெல்லாம் கண்டியிலிருந்து மூன்று மணித்தியால பஸ் தூரத்தில் நடந்தது. கலஹாவுக்கு வந்து சேரவில்லை. பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில் தோட்டங்களுக்கென்றும் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் அதை நடத்தும் பொறுப்பு தோட்டங்களை வைத்திருந்த அரச நிறுவனங்களிடமே இருந்தது. கொழும்புச் சேரிக்காரர் தன் ஒழுங்கையின் அகலத்தைத் தானே தீர்மானித்த அதே வருசங்களில், எங்கள் அப்பம்மா லயத்துக் கதவை மாற்றுவதற்குத் துரையிடம் துண்டு எழுதி வாங்கினார்.

பின்னர் போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு 550,000 ரூபா பயனாளியின் வங்கிக் கணக்குக்குக் கட்டம் கட்டமாகப் போனது. அவரவர் மேசனைப் பிடித்து, அவரவர் மணல் ஏற்றி, அவரவர் கட்டினார்கள். குறை இருந்தது, கடன்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்தார். மக்களும் அத்திவாரம் எது, பீம் எது என்று கற்றுக்கொண்டார்கள். மலையகத்துக்கு 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி இன்னும் 10,000 அறிவித்தார். அதில் 1,300 வீட்டுக்கு அடிக்கல் வைக்க 2024 பெப்ரவரி வரை ஆனது. நடுவில் எத்தனை அமைச்சர், எத்தனை மாலை!

அந்த ஏழு வருசத்தில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு இளைஞரைப் பயிற்றியிருந்தால், வீடு வரும்போது அதைப் பொறுப்பேற்க ஆள் தயாராக இருந்திருக்கும்.

மலை பேசும்போது கேட்க ஆள் வேண்டும்

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதமாக வந்தது. கடிதம் கோப்புக்குள் போனது. மக்கள் எங்கே போவது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. பிறகு 75 வீடு கட்டிக் கொடுத்தார்கள், செத்தவர்களுக்கு அது பயன்படாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நாங்கள் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அந்த இரவுகளைக் கண் மூடாமல் கழித்தவர்கள்தான். மழையளவைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனமாக இரு, 100 தாண்டினால் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. இந்த மூன்று எண்ணும் எங்கள் லயங்களில் எத்தனை சுவரில் எழுதியிருக்கிறது? மழைமானி எந்தத் தோட்டத்தில் யார் கையில் இருக்கிறது? ஸ்டோருக்குப் பக்கத்தில் இருக்கும் மழைமானியை கொழுந்துக் கணக்குக்காகப் பார்ப்பார்கள். எங்கள் உயிருக்காகப் பார்ப்பதில்லை.

நிலத்தில் புதிதாக வெடிப்பு, இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிந்த பீலியில் சேற்றுத் தண்ணி, சரியாத மரம் சரிவது. இவை மலை முன்கூட்டியே சொல்லும் செய்திகள். எங்கள் மாமிமார் இதில் பாதியை ஏற்கெனவே அறிவார்கள். தினமும் அந்த மலையில் நடப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் சொன்னால் அது "பொம்பளைங்க பயம்". அதையே பயிற்சி பெற்ற ஒருவர் திகதி போட்டு, அளந்து, படம் எடுத்து, பிரதேச செயலகத்துக்கும் நிறுவனத்துக்கும் எழுதினால் அது அறிக்கை. அந்த ஒருவர் மாமியின் மகளாகவே இருக்கலாமே என்றுதான் கேட்கிறோம்.

ஒராங்கியில் என்ன செய்தார்கள்

கராச்சியில் ஒராங்கி என்று ஒரு பெரிய ஏழைக் குடியிருப்பு. 1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே வேலை தொடங்கினார். கழிவுநீர் தெருவில் ஓடியது. அரசு வரும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் சொன்னது எளிமையான விடயம்: ஒரு ஒழுங்கையில் இருக்கும் இருபது முப்பது வீடு சேர்ந்து ஒருவரைத் தெரிவுசெய்யட்டும், தங்கள் ஒழுங்கைக் குழாயைத் தாங்களே போடட்டும், பெரிய கால்வாயை அரசு பார்க்கட்டும். காசு மக்களுடையது. அளவையும் படமும் மதிப்பீடும் அமைப்புக் கொடுக்கும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இப்படி இணைந்தன.

எங்களைக் கவர்ந்தது குழாய் இல்லை. அந்தப் பகுதி இளைஞர்களுக்கு அளக்கவும் வரையவும் கற்றுக் கொடுத்தார்கள். பெரிய பட்டம் இல்லாத பிள்ளைகள் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து கராச்சியின் கால்வாய்களைப் படமாக்கினார்கள். அரசிடம் இல்லாத படம் அவர்களிடம் இருந்தது. அதனால் அரசு அவர்களிடம் வந்து பேச வேண்டியிருந்தது. இந்த வேலையை முன்னின்று நடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் காணியைப் படத்தில் பதிவுசெய்வது அவ்வளவு ஆபத்தான வேலை என்றால், அது எவ்வளவு முக்கியமான வேலை என்றும் புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில்கூட 1978இல் சட்டம் போட்டு உருவாக்கிய ஒரு பொது நிறுவனம், இன்று நெய்பர்வர்க்ஸ் என்ற பெயரில், இலாபநோக்கற்ற வீடமைப்பில் வேலை செய்பவர்களுக்கென்றே பாடநெறிகள் நடத்துகிறது. அங்கே இது ஒரு தொழில். சம்பளம் உண்டு, பதவி உயர்வு உண்டு. இங்கே இது "தொண்டர்" வேலை. ஒரு ப்ரொஜெக்ட் முடிந்தால் தொண்டரும் முடிந்தார்.

"முதல்ல காணியைக் குடுக்கச் சொல்லுங்க"

எங்கள் தோழர்கள் சிலர் இதை வாசித்துக் கோபப்படுவார்கள். "உரிமையைப் பேச வேண்டிய நேரத்தில் பயிற்சி, திறமை என்று என்ஜிஓ பாட்டுப் பாடுறீங்களே. முதல்ல காணி, பிறகு மற்றது."

காணிதான் முதல். இருநூறு வருசத்தை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது எல்லாரும் கேட்டதும் அதைத்தான். ஏழு பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. அது போதாது என்பதும் எங்கள் நிலைப்பாடு. ஆனால் காணி கிடைத்த இடங்களில் நடந்ததையும் பார்த்துவிட்டுப் பேசுவோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுத் திட்டத்தில், பெயர் வேண்டாம், சாவியும் உறுதிப் பத்திரமும் ஒரே மேடையில் கொடுத்தார்கள். பத்திரம் சிங்களத்தில். இணைத்திருந்த படத்தில் இருக்கும் எல்லைக்கல்லில் இரண்டு நிலத்தில் இல்லை. ஒரு மழைக்குப் பிறகு பின்பக்க மண்மேடு குசினிக்குள் வந்தது. தண்ணி மேல் வீட்டோடு நின்றது. யாரிடம் போவது? கொந்தராத்துக்காரர் போய்விட்டார். தோட்டம் "அது எங்க பொறுப்பு இல்ல" என்றது. சபை "இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை" என்றது. அங்கே ஒரு அம்மா பத்திரத்தை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டிச் சொன்னார்: "தம்பி, பேப்பர் குடுத்தாங்க. அத வாசிச்சுச் சொல்ல ஆள் குடுக்கலையே."

அந்த ஆளைத்தான் நாங்கள் கேட்கிறோம். காணிக்குப் பதிலாக இல்லை, காணியோடு சேர்த்து. உரிமை கேட்கும் போராட்டத்துக்கும் அந்த ஆள் தேவை. தன் தோட்டத்தில் எத்தனை குடும்பம், எத்தனை காம்பரா, எந்தச் சரிவு பாதுகாப்பு, தரிசாகக் கிடக்கும் காணி எவ்வளவு என்று படத்தோடு வைத்துக்கொண்டு பேசுகிறவரை மேடையிலிருந்து இறக்கிவிடுவது கஷ்டம். சில தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் இது பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டுப் பட்டியலில் யார் பெயர் முதலில் என்பதை வைத்துத்தானே பலருக்கு அரசியல் ஓடுது?

எங்கள் கோரிக்கை

மூன்று நாள் செயலமர்வு வேண்டாம். ஒரு வருடப் பயிற்சி வேண்டும், கலஹாவிலேயே, எங்கள் மொழியில், சம்பளத்தோடு.

சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா செயலமர்வுக்கு வந்தால் அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை. பணிஸும் தேத்தண்ணியும் அந்தப் பேருக்கு ஈடாகாது. இதனால்தான் எல்லாப் பயிற்சிக்கும் வேலையில்லாத எங்களைப் போன்ற பொடியன்கள் போகிறோம். தண்ணி சுமப்பவரும் அடுப்பு எரிப்பவரும் பீலிக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்பவரும் வருவதில்லை. வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்தவர் இல்லாத வீட்டுப் பயிற்சி அது. பயிற்றப்படுபவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்க வேண்டும்.

என்ன படிப்பது? காணிப் படமும் உறுதியும் வாசிப்பது. டேப்பையும் தண்ணி மட்டக் குழாயையும் வைத்துச் சரிவை அளப்பது. வீட்டு மதிப்பீடு போடுவது, கட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பது. மண்சரிவு அடையாளங்களும் மழைமானியும். தண்ணிச் சங்கம், கூட்டுறவுக் கணக்கு, கூட்டக் குறிப்பு. பிரதேச சபைக்கும் செயலகத்துக்கும் இரண்டு மொழியில் கடிதம் எழுதுவது. கூட்டத்தில் வாய் திறக்காதவரைப் பேச வைப்பது. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் ஏதாவது ஒரு தோட்டத்தில் உண்மையான வேலை. முடிவில் சுவரில் மாட்டும் சான்றிதழ் வேண்டாம், தேசிய தொழிற்தகைமைக்குள் வரும் சான்றிதழ் வேண்டும். மேசனுக்கும் தையலுக்கும் தரம் இருக்கிறது. குடியிருப்பைக் கட்டியெழுப்புகிறவருக்கும் இருக்கட்டும்.

யார் படிப்பிப்பது என்று கேட்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடும் பாதைக்குப் பெயரே கலஹா வீதி. பொறியியல் பீடமும் புவியியல் துறையும் இருக்கும் வளாகத்தைத் தாண்டித்தான் எங்கள் பஸ் மேலே ஏறுகிறது. கண்டியில் அரச நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் கிளை இருக்கிறது. ஊரில் முப்பது வருசம் கொத்து வேலை செய்த மேசன்மார் இருக்கிறார்கள். அவர்களையும் வளவாளர் நாற்காலியில் உட்கார வையுங்கள். காசு? அடிக்கல் விழாக்களுக்குப் பந்தல் போடும் செலவிலிருந்து தொடங்கலாம்.

பயிற்சி முடித்தவருக்கு வேலை வேண்டும். ஒவ்வொரு வீட்டுத் திட்டத்திலும், வீடு கட்டி முடிந்து மூன்று வருடம் வரையாவது, அந்தக் குடியிருப்பு ஆட்கள் இரண்டு பேருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து துரைமார் இறங்கட்டும்.

கடைசியாக எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது சான்றிதழையும் நாங்கள்தான் வாங்கினோம். கேள்வி கேட்காமல் வாங்கினோம், சீவியில் போட்டோம், கொழும்பில் ஒரு வேலை கிடைத்தால் ஏறிப் போகலாம் என்று இருந்தோம். எங்களில் சிலர் போயும் விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. மீதி இருப்பவர்கள் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முப்பது மீற்றர் டேப் வாங்கி, ஒரு வயதான மேசன் ஐயாவைக் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு லயத்தை அளந்தோம். பத்துக் காம்பரா. நாலு மணித்தியாலம் ஆனது. முதல் தடவை அளந்தது பிழை என்று ஐயா சிரித்தார், திரும்ப அளந்தோம். பின்சுவரில் இருந்த வெடிப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதிவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும்.

உங்கள் தோட்டத்திலும் ஒரு டேப் இருக்கும்.